முனியப்பன் குடித்த வெள்ளை ஒயின்

எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. சாமி மட்டும் குடிக்கும்.

மல்லசமுத்திரத்துக்கு வெளியே எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. பண்ணைக்குப் பின்னால் வேலமரங்களுக்கு நடுவில் முனியப்பன் உட்கார்ந்திருக்கிறார். வருசத்துக்கு ஒரு தடவை பொங்கல் வைத்து, சேவல் அறுத்து, சுருட்டும் ஒரு பாட்டிலும் வைத்துப் படையல் போடுவோம். அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டவரில்லை. ஆனால் சாமிக்கு வைக்கும் பாட்டில் விஷயத்தில் மகா கறாரானவர். மூடி திறந்திருக்கக் கூடாது. யார் எச்சிலும் பட்டிருக்கக் கூடாது. முக்கியமாக, அது வீட்டுப்படி ஏறக் கூடாது. வாங்கிய நிமிசத்திலிருந்து படையல் வரைக்கும் பண்ணை ஆபீஸில்தான் இருக்க வேண்டும்.

பெண்களுக்கும் சட்டம் உண்டு. கோயிலின் எல்லைக்கல்லைத் தாண்டிப் போகக் கூடாது. படையலில் வைத்த எதையும் வாயில் வைக்கக் கூடாது. ஆண்கள் அங்கேயே சமைத்து, அங்கேயே தின்று, கை கழுவிவிட்டு வந்துவிடுவார்கள். எங்களுக்கு வீட்டில் தனியாக ஒரு கோழி. சின்ன வயதில் ஏன் என்று கேட்டதற்கு, முனியப்பன் கோவக்கார சாமி என்றார்கள். நானும் கோவக்காரிதான். எனக்கு இதுவரை யாரும் சேவல் அறுத்ததில்லை.

நான் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் வேலை செய்கிறேன். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் சேரும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அதிலும் வெள்ளை ஒயின் முழுக்க என் பொறுப்பு. இதற்கென்று படிப்பு இருக்கிறது, பரீட்சை இருக்கிறது, இரண்டையும் முடித்திருக்கிறேன். குடிப்பது குறைவு, வாயில் வைத்துச் சுழற்றித் துப்புவதுதான் அதிகம். இதை முதன்முதலில் அம்மாவிடம் விளக்கியபோது, "காசு குடுத்து வாங்கித் துப்பறதுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்டாள்.

ஊரில் அம்மா சொல்லிவைத்திருந்த கதையே வேறு. "ஓட்டல்ல கணக்குப் பாக்குதுங்க." கல்யாண வீட்டில், துக்க வீட்டில், ரேசன் கடையில், எங்கே யார் கேட்டாலும் இதே பதில்தான். எனக்குக் கணக்கு வராது என்பது ஊரறிந்த சங்கதி. பத்தாம் வகுப்பில் நான் வாங்கிய மார்க்கைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இருந்தும் ஒருத்தர்கூட மறுகேள்வி கேட்டதில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் என்ன திருடியா, கொலைகாரியா? சண்டை போட்டால், "ஊர் வாய நான் மூட முடியுமா சாமி? கணக்குன்னு சொன்னா அதோட உட்டுர்றாங்க" என்பாள். எங்கள் பக்கம் பிள்ளைகளையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். தினமும் மத்தியானம் போன் பண்ணுவாள். நான் வேண்டுமென்றே அன்றைக்குப் பார்த்த ஒயினைப் பற்றி விலாவாரியாகச் சொல்வேன், எல்லாம் ரோசத்தில்தான். இது புளிப்பு முன்னால் வரும், இது காரத்தை நாக்கில் நிற்க விடாது, இது விழுங்கின பிறகும் வாசம் நிற்கும் என்று ஒன்று விடாமல் சொல்வேன். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் மிக்ஸி நிற்கும். "செரி, சோறு தின்னியா?" என்பாள். அவ்வளவுதான்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. நாலு பேர் முன்னால், ஒரே ஒரு தடவை, என் மகளுக்கு இன்ன வேலை என்று அம்மா தன் வாயால் சொல்ல வேண்டும். சம்பள உயர்வைக்கூட நான் இத்தனை ஆசையாகக் கேட்டதில்லை.

இந்த வருசம் எங்கள் ஓட்டலில் கொங்கு விருந்து என்று ஒன்று ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பண்டத்துக்கும் பக்கத்தில் ஒரு வெள்ளை ஒயின் பெயர் போட வேண்டும். அதில் பெரிய பண்டம் பள்ளிபாளையம் சிக்கன். "உன் ஊர்ச் சாப்பாடுதானே, நீயே பொருத்திச் சொல்" என்றார் முதலாளி. கூடவே, "முடியாதென்றால் சொல்லிவிடு, மும்பையில் ஒருத்தர் இருக்கிறார்" என்றும் சொன்னார். அந்த மும்பைக்காரரை எனக்குத் தெரியும். பள்ளிபாளையம் சிக்கனில் தக்காளி போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர். அவர் கையில் எங்கள் கோழியை ஒப்படைப்பதைவிட நான் நிஜமாகவே கணக்கு எழுதப் போகலாம். முனியப்பன் பொங்கலுக்கு லீவு கேட்டேன். பொங்கலன்று சாயங்காலத்துக்குள் முடிவைச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார். மாதிரி பாட்டில்கள் நாலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வாசலிலேயே அம்மா கையை நீட்டி மறித்துவிட்டாள்.

"நீ உள்ள வா. அது வரக் கூடாது."

"பிரிட்ஜ்ல வெக்கோணும்மா."

"எந்த பிரிட்ஜ்ல? நான் தயிர் வெக்கற பிரிட்ஜ்லயா?"

பண்ணை ஆபீஸில் ஒரு பிரிட்ஜ் உண்டு. கோழிகளுக்குப் போடும் தடுப்பு மருந்துக்கானது. அதற்குள் வெள்ளைக்கழிச்சல் மருந்துக்குப் பக்கத்தில் பாட்டில்களைப் படுக்கவைத்தேன். ரீஸ்லிங் என்கிற நல்ல வெள்ளை ஒயினும் கோழி மருந்தும் ஏறக்குறைய ஒரே குளிரில் இருக்க வேண்டியவை என்பதை எந்தப் படிப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

கொண்டுவந்த ஒயின் கிளாஸ் பஸ்ஸில் உடைந்துபோயிருந்தது. வீட்டு டம்ளரைத் தரமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். ஆபீஸில் ஆட்கள் டீ குடிக்கும் கண்ணாடி கிளாஸ் ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டேன். அடுத்த நாள் காலையிலிருந்து அம்மா ஒவ்வொன்றாகச் சமைத்து அனுப்பினாள். பிறகு அனுப்புவதை விட்டுவிட்டு அவளே சட்டியோடு வந்து, ஆபீஸ் கதவோரம் நின்றாள். நான் தின்பதையும் துப்புவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கிளாஸைப் பிடித்து ஒயினை வட்டமாகச் சுழற்றியபோது மட்டும், "ஆட்டாத. சிந்துது பாரு" என்றாள். சிந்தத்தான் செய்தது. டீ கிளாஸுக்கு அந்த வேலை வராது.

அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய், மரப்பீப்பாயில் கிடந்த ஷார்டனே ஒரு வாய். இரண்டும் வெகுநாள் பழகியவர்களைப் போல ஒத்துப்போயின. ஷார்டனேயிலும் ஒரு வெண்ணெய் வாசம் இருக்கிறது. நெய்க்கு அது உறவு. சேலத்திலிருந்து வாங்கிவரச் சொன்ன தட்டுவடை செட்டுக்கு சோவின்யோன் பிளாங்க். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் இருக்கும் புதினாச் சட்னியின் பச்சை வாசமும் ஒயினின் பச்சை வாசமும் ஒன்றையொன்று தூக்கிக்கொடுத்தன. பீட்ரூட் துருவல் குறுக்கே நிற்கவில்லை. கொள்ளுப்பருப்புதான் படுத்திவிட்டது. அதில் ஒரு மண்வாசம் உண்டு, அது வருகிறவனையெல்லாம் வம்புக்கு இழுக்கும். கடைசியில் செனின் பிளாங்க் சமாதானம் பேசி முடித்தது.

அப்புறம் அப்பா ஒரு தட்டு நிறைய அவித்த முட்டையோடு வந்தார். பாதியாக வெட்டி, உப்பும் மிளகுத்தூளும் தூவியிருந்தார்.

"இதுக்கும் ஒண்ணு பாரு சாமி. நம்மது."

பார்த்தேன். மூடி திறந்திருந்த மூன்றையும் பார்த்தேன். மஞ்சள் கரு நாக்கில் மாவு பூசினாற்போல் உட்கார்ந்துகொண்டது. மேலே என்ன ஊற்றினாலும் தகரத்தை நக்கினமாதிரி இருந்தது. உலகம் முழுக்க இந்தத் தொழிலில் இருப்பவர்கள் முட்டையைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவர்கள்தான். ஆனால் அவர்கள் யாரும் நாமக்கல் மாவட்டத்தில் கோழிப்பண்ணைக்காரருக்குப் பிறக்கவில்லை.

"முட்டைக்கு ஒயின் ஆகாதுங்கப்பா."

"நம்ம முட்டைக்கா, எல்லா முட்டைக்குமா?"

"எல்லா முட்டைக்குந்தானுங்க."

அப்பா தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "முட்டைக்கே ஆகாதுன்னா அது என்ன எழவு பானம்?" என்றார். கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார். "அப்ப முட்டைக்கு என்னதான் ஆகும்?"

"தண்ணிதானுங்கப்பா."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. சாப்பிடக் கூப்பிடுவதைக்கூட அம்மா வழியாகத்தான் கூப்பிட்டார்.

நாலாவது பாட்டிலை நான் திறக்கவில்லை. அதுதான் ரீஸ்லிங். இனிப்பு கொஞ்சம் தங்கியது, சில வருசம் பாட்டிலிலேயே முதிர்ந்தது. பள்ளிபாளையம் சிக்கனுக்கென்றே வைத்திருந்தேன். அதில் மசால் பொடி எதுவும் கிடையாது. வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப்பல், அவ்வளவுதான். காரம் நேராக வந்து முகத்தில் அறையும். அதற்கு இனிப்பும் புளிப்பும் சேர்ந்த ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றுவது போதாது, தின்று பார்க்க வேண்டும். பொங்கலன்று பெண்களுக்கென்று வீட்டில் அடிக்கும் நாட்டுக்கோழியை அப்படியே வறுக்கச் சொல்லி, அப்போது திறக்கலாம் என்றிருந்தேன்.

பொங்கலன்று உச்சிநேரத்தில் கோழி வெந்துகொண்டிருந்தது. நான் டீ கிளாஸோடு ஆபீஸுக்குப் போய் பிரிட்ஜைத் திறந்தேன். திறந்த பாட்டில்கள் மூன்றும் இருந்தன. ரீஸ்லிங் இல்லை. மருந்து டப்பாக்களையெல்லாம் எடுத்து வெளியே வைத்துப் பார்த்தேன். இல்லை.

சமையற்கட்டுக்கு ஓடினேன். "அம்மா, என்ற பாட்டில் எங்க?"

"அப்பா எடுத்துட்டுப் போனாரே" என்றாள் அம்மா, கரண்டியை வைக்காமலே. "முட்டைக்கு ஆகாதுன்னு சொல்லி மனச நோகடிச்சிட்டோமேன்னு புள்ள, சாமிக்குப் பாட்டில் வாங்கியாந்து ஆபீஸ்ல வெச்சிருக்குதுன்னாரு. ரொம்பச் சந்தோசம் அவருக்கு. உங்க மாமனைக்கூட, நீ ஒண்ணும் வாங்க வேண்டாம்னுட்டாரு."

அப்பாவைக் குற்றம் சொல்ல வழியே இல்லை. மூடி திறக்காதது. எச்சில் படாதது. வீட்டுப்படி ஏறாதது. ஆபீஸில் இருந்தது. எல்லாச் சட்டத்துக்கும் பொருந்திய பாட்டில் அது ஒன்றுதான்.

காலில் செருப்புகூட இல்லாமல் ஓடினேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே வந்தாள். எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம், வேப்பமர நிழலில், ஒறம்பரையாக வந்த சொந்தக்காரப் பெண்கள் எல்லோரும் திருநீறு வாங்குவதற்காக உட்கார்ந்திருந்தார்கள். நடுநாயகமாக அத்தை, அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. "கணக்கு எல்லாம் செரியா வருதா?" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் என்னைத் தவறாமல் கேட்பவர்.

கல்லுக்கு அந்தப் பக்கம் முனியப்பன் முன்னால் வாழையிலை. இலையில் சேவல் கறி, சுருட்டு. நடுவில் என் ரீஸ்லிங், அரளி மாலை போட்டு, குங்குமம் வைத்து. மூடி கழன்றிருந்தது. அப்பா என்னைப் பார்த்துவிட்டார். பேச்சு நின்றதற்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினார்.

"பாரு சாமி, எத்தன அம்சமா இருக்குது! போன வருசம் வெச்சதெல்லாம் இதுகிட்ட நிக்க முடியாது."

அந்த முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்ல? வைத்தது வைத்ததுதான். சாமியிடமிருந்து யாரும் எதையும் திரும்ப எடுத்ததில்லை. கற்பூரம் காட்டினார்கள். பாட்டில் சாமியிடமிருந்து ஆண்களிடம் போனது. மாமா பேப்பர் கப் எடுத்துவந்தார். அவர் அம்மாவின் தம்பி. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கிறார்.

நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அது ஒண்ணுதாம்மா இருந்துது" என்றேன். "அந்தக் கோழிக்கு அது சேருமான்னு தெரியாம சாயங்காலம் நான் என்னத்தச் சொல்றது? இனி அந்த மும்பைக்காரன்தான் வருவான்."

அம்மா என்னைப் பார்த்தாள். கல்லுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அங்கே ஆண்கள் சமைத்து வைத்திருந்தது வரமிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ப்பல்லும் போட்ட சேவல் கறி. கோயிலில் வேறு எப்படியும் சமைக்கமாட்டார்கள். பிறகு வேப்பமரத்தடியில் இருந்த அத்தையைப் பார்த்தாள். அந்தப் பார்வை கொஞ்சம் நீளமாகவே இருந்தது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, எல்லைக்கல்லில் கால் விரல் படாத குறையாகப் போய் நின்றாள்.

"தம்பி! டேய்! குடிக்காத, இரு!"

வாய்க்கு அருகே போன கப் அப்படியே நின்றது. "என்னங்கக்கா?"

"மொதல்ல ஒரு வாய் கறி தின்னு. தேங்காப்பல்லோட சேத்தித் தின்னு. நல்லா மென்னு முழுங்கு."

மாமா தின்றார். அக்கா சொல்லி அவர் எதையும் மறுத்ததில்லை.

"காரம் ஏறுதா?"

"ஏறுதுங்கக்கா. காதுல பொகையே வருது."

"இப்ப அதுல ஒரு வாய் குடி. உடனே முழுங்காத. வாய்க்குள்ளயே ஒரு சுத்து சுத்து."

"பல்லு வெளக்கறாப்பலயா?"

"சொன்னதச் செய்டா."

மாமாவின் கன்னம் இப்படியும் அப்படியும் உப்பியது. மற்ற ஆண்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"புளிப்பு முன்னால வருதா, இனிப்பு முன்னால வருதா?"

"இனிப்பாட்டம் வந்துட்டு, அப்பறம் புளிக்குதுங்க."

"காரம் நாக்குல நிக்குதா, போயிருச்சா?"

மாமா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "போயிருச்சுங்கக்கா. இன்னொரு வாய் கறி கேக்குது."

நான் எழுந்து நின்றுவிட்டேன். அவை என் வார்த்தைகள். மிக்ஸி சத்தத்துக்கு நடுவில், ரோசத்தில், யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் சொன்ன வார்த்தைகள். ஒன்றுகூட மாறவில்லை.

"முழுங்கின பொறவு வாசம் நிக்குதா? என்ன வாசம்?"

மாமா கண்ணை மூடிக்கொண்டார். "எலுமிச்சந்தோலாட்டம் ஒண்ணு. அப்பறம்..." கண்ணைத் திறந்தார். கொஞ்சம் சங்கடப்பட்டார். "சொன்னா நம்பமாட்டீங்க. லேசா டீசல் வாசம் அடிக்குதுங்கக்கா. நல்ல டீசல்."

"அய்யய்யோ, கலப்படம்! சாமிக்குக் கலப்படத்தையா வெச்சீங்க?" என்று அத்தை நெஞ்சில் கை வைத்தார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் பயம் தெரிந்தது. "டீசல் வரலாமா சாமி?"

"வரோணும்மா" என்றேன். "முதிர்ந்த நல்ல ரீஸ்லிங்குன்னா அந்த வாசம் வரோணும்."

"வரோணுமாம்!" என்று அம்மா அந்தப் பக்கம் கத்தினாள். "பக்கத்துல இருக்கறவருக்கும் குடு, அவுரு என்ன சொல்றாருன்னு கேளு!"

அத்தைக்கு இதற்குமேல் தாங்கவில்லை. "என்ன பழமை பேசறீங்க, சாமி கும்பிடற எடத்துல? பொம்பளைக்கு எதுக்கு அந்த விசாரணையெல்லாம்?"

அம்மா திரும்பிப் பார்த்தாள். வேப்பமரத்தடியில் எங்கள் சாதிசனத்தில் பாதி உட்கார்ந்திருந்தது.

"என்ற புள்ளைக்கு இதுதானுங்க வேலை" என்றாள். "எந்தச் சோத்துக்கு எந்த ஒயின் சேரும்னு பாத்துச் சொல்றது. மெட்ராஸ்ல பெரிய ஓட்டல்ல. கணக்கெல்லாம் இல்லீங்க, அதுக்குக் கணக்கு எங்க வருது? சித்த சும்மா இருங்க, அவன் சொல்றது காதுல உழுகோணும்."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அத்தை தன் முந்தானையை நீட்டினார். அதில் துடைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் மற்ற ஆண்கள் ஒவ்வொருவராக வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் குடிக்காமல், கப்பை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, "டீசல்தான்" என்று சாட்சி சொன்னார்.

சாயங்காலம் முதலாளிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். பள்ளிபாளையம் சிக்கனுக்கு ரீஸ்லிங், மாற்றுக் கருத்தில்லை என்றேன்.

"நீயே ருசி பார்த்தாயா?"

"இல்லை. எங்கள் ஊரில் பெரியவர் ஒருத்தர் பார்த்தார்."

"என்ன சொன்னார்?"

"ஒன்றும் சொல்லவில்லை. கோவித்துக்கொள்ளவில்லை. அவருக்கு அதுவே பெரிய விஷயம்."

முதலாளி அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டார். மும்பைக்காரர் மும்பையிலேயே இருக்கிறார்.

மறுநாள் காலையில் அம்மா என்னைச் சேலம் பஸ் ஏற்றிவிட வந்தாள். பஸ் வரும் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன். "மிக்ஸி சத்தத்துல நான் சொல்றது ஒண்ணுமே உனக்குக் கேக்கலைன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"வெறும் ஜாரு சாமி அது. ஸ்பீக்கர்ல போட்டாத்தான் எனக்கு நல்லாக் கேக்குது. அத்தை ஊட்டுக்கும் கேட்டுருமல்லோ, அதுக்குத்தான் ஓட்டறது." கூடையிலிருந்து ஒரு பொட்டலத்தையும் ஒரு பாட்டிலையும் எடுத்துக் கையில் திணித்தாள். "அப்பா குடுத்தாரு. அவிச்ச முட்டை. அதுக்குத் தண்ணிதான் ஆகும்னு சொன்னியாமா, அதையும் புடிச்சுக் குடுத்திருக்காரு."

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அம்மா பக்கத்தில் பூக்கூடையோடு நின்றிருந்த ஒரு பெண், என்னைக் காட்டி அம்மாவிடம் என்னவோ கேட்டாள். எங்கள் பக்கத்தில் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: புள்ளைக்கு என்ன வேலை? நேற்று சொன்னது ஒரு வேகத்தில் சொன்னதாக இருந்தால்? டிரைவர் என்ஜினை உறுமவிட்டார், அம்மா சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை.

பஸ் நகர்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். அம்மா இன்னும் அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். வலது கையை நெஞ்சுக்கு நேராகத் தூக்கி, இல்லாத ஒரு கிளாஸை மூன்று விரலால் பிடித்து, மெதுவாக, வட்டமாகச் சுழற்றிக் காட்டினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.